இலகு கலப்பைக்குக் கனம் கூட்டிய விதம்

"ஹலோ... ஹலோ... ஆமா, மெனோ காய்ம்தான்... இல்ல ஓரி, வச்சிடாதீங்க. காலைல நீங்க சொல்லி அனுப்பின சேதியை இப்பத்தான் கேட்டேன். கேட்டதும் ஓடி வந்தேன்... ஆமா... ஆமா, கலப்பை விஷயம்தான்."

தொலைபேசி வீட்டுக்குள் நுழையலாகாது என்பது அமெரிக்காவின் ஓஹையோவில், நவீன வசதிகளை ஒதுக்கிக் குதிரை பூட்டியே உழுது வாழும் ஆமிஷ் கிறிஸ்தவ சபையினர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. ஆதலால் நான்கு குடும்பங்களுக்குப் பொதுவாக, மக்காச்சோள வயலோரம் ஒரு மரக்கொட்டகை எழுப்பப்பட்டிருந்தது. அதனுள்ளேதான் மெனோ, வைக்கோல் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றிருந்தான். வெள்ளிக்கிழமை குதிரை உழவர் கண்காட்சி. அவன் பட்டறையிலோ, குளிர்காலம் முழுவதும் அடித்து உருவாக்கிய இலகு கலப்பைகள் பன்னிரண்டு அணிவகுத்து நின்றன. அவற்றில் ஒன்றுகூடக் கண்காட்சிக்கு வரலாகாது என்று சபையின் ஒழுங்கைக் கண்காணிக்கும் டீக்கனாகிய ஓரி ராபர் சேதி அனுப்பியிருந்தார்.

"நோட்டீஸா?... நான்தான் அச்சடிச்சேன்... 'இதைவிட இலேசான கலப்பை உலகத்தில் இல்லை'... சரி, பெருமைதான். ஒத்துக்கறேன்... அதான் மாத்திட்டேன். இப்ப 'இதைவிட மோசமான கலப்பைகளும் உண்டு'ன்னு போட்டிருக்கு... அதுவும் தப்பா?... அடுத்தவன் கலப்பையைத் தாழ்த்தறேனா?... சரி, சரி. வெறும் 'கலப்பை'ன்னு போட்டுடறேன். அதுலயாவது ஆணவம் இல்லையே?"

தான் செய்த பொருளைத் தானே புகழ்வது அம்மக்களிடையே பாவம். எனவே மெனோ தன் கலப்பையின் நன்மைகள் அனைத்தையும் குறைகளாகவே எடுத்துரைக்கலானான்.

"எடை கம்மி, அதான் மொதக் குறை... நூத்தித் தொண்ணூறு பவுண்டு. பழசுல பாதிகூட வராது... ரெண்டு குதிரை போதும். மத்த ரெண்டும் லாயத்துல சும்மா நிக்கும், பாவம்... சேணம் அழுத்தித் தோள்ல புண்ணு வராது. மருந்து தடவற வேலை போச்சு... மண்ணு அமுங்காது. வரப்போரம் திருப்பறப்ப ஒத்தைக் கையால சாய்ச்சுடலாம், உடம்புக்கு ஒரு வருத்தமும் இல்ல... கிண்டல் பண்ணலை, ஓரி. குறையைத்தான் சொல்றேன்... யாரு? வெர்னாவா?"

கால்நடை மருத்துவரை அழைப்பதற்காகக் கொட்டகைக்கு வெளியே காத்திருந்த விதவை வெர்னா, தன் பெயர் அடிபடுவதைக் கேட்டதும் கண்ணாடிச் சன்னலை ஒட்டி வந்து நின்றாள்.

"ஆமா, என்கிட்ட வாங்கிட்டுப் போனதுதான்... திங்கக்கிழமை, ஊரே துணி துவைக்கற நாள்ல உழுதா. ஒரு ஏக்கர். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுட்டா... கொடியில துணியும் காஞ்சுது, நானும் பார்த்தேன்... ஒரு பொம்பளை ஒரே காலைல துணியும் துவைச்சு நிலமும் உழுதா அதுல ஒழுங்கு எங்க கெட்டுச்சு?... உங்க வீட்டுத் துணி அன்னிக்கு மூணு மணிக்குத்தான் கொடிக்கு வந்துச்சா... ஊரே ஒப்பிட்டுப் பேசுதா... அதுக்குக் கலப்பை என்ன பண்ணும் ஓரி?... மத்தியானமா? மத்தியானம் என்ன பண்ணினாளோ, எனக்கு எப்படித் தெரியும்..."

வெர்னா இரு கைகளையும் கூப்பிக் கன்னத்தில் வைத்து, கண்களை மூடிக் காட்டினாள்.

"தூங்கினாளாம்... இங்கதான் நிக்கறா... வேலை கம்மியானா மனசு அலையுமா? தூங்கறப்ப எங்க போய் அலையும்?... சரி... சரி... என்னது? நாலு குதிரை பூட்டாதது கலப்பையே இல்லையா? அது எப்ப போட்ட ஒழுங்கு?... இல்ல, நான் எதிர்த்துப் பேசலை. எப்பன்னுதான் கேட்டேன்."

அக்கணத்தில் மெனோவுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் ஏர் இழுக்கும் பெல்ஜியக் குதிரைகளுள் சரிபாதி, டீக்கனின் லாயத்தில் பிறந்து வளர்ந்து விலை போனவை. இரண்டு குதிரைகளால் உழக் கற்றுக்கொண்ட உழவன், மூன்றாவதையும் நான்காவதையும் தேடி அவர் வாசலுக்கு வரப்போவதில்லை.

"ஓரி, ஒண்ணு கேக்கட்டா... இந்த வருஷம் எத்தனை குட்டி?... சம்பந்தம் இல்லதான். சும்மா... கோவப்படாதீங்க. நீங்க ஆத்துமாவைப் பத்தித்தான் பேசறீங்க, எனக்குத் தெரியாதா... குதிரைங்கற வார்த்தையை நான்தான் எடுத்தேன். தப்பு என்னுது."

அவன் தொப்பியை அலமாரியின் மேல் வைத்தான். குரல் தானாகவே தணிந்தது.

"குளிர்காலம் பூரா இதுதான் வேலைன்னு இருந்தேன். பன்னெண்டையும் உருக்கிடுன்னு சொன்னா உருக்கிடறேன், நான் சபையை மீறறவன் இல்ல... ஆனா ஒரு வழி தோணுது. சொல்லட்டுமா?... கனம் கம்மிங்கறதுதானே குத்தம்? ரெண்டு பக்கமும் இரும்புக்கட்டி தொங்க விட்டுடறேன். பக்கத்துக்கு நூத்திப் பத்து பவுண்டு... ஆமா, அப்ப நாலு குதிரை கேக்கும், சந்தேகமே இல்ல... எப்படி மாட்டுவேனா? ஒரு ஆணி... ஒத்தை ஆணிதான்... இழுத்தா வந்துடும்... இழுன்னு நான் சொல்லமாட்டேன். இழுக்காதேன்னும் சொல்லமாட்டேன். அவனவன் வயல், அவனவன் மனசாட்சி... ஏமாத்தா? வைக்கோல் கட்டற மெஷின் மேல என்ஜினை ஏத்தி, அதைக் குதிரை இழுத்தா சரிதான்னு நீங்கதானே தீர்ப்புச் சொன்னீங்க. அதே நியாயம்... ம்... ம்... யோசிங்க. நான் இருக்கேன்."

வெர்னா விரலால் கண்ணாடியைத் தட்டினாள். மெனோ கையமர்த்தினான்.

"சொல்லுங்க... வெள்ளிக்கிழமை கொண்டாந்து நிறுத்தலாமா?... கட்டியோட... கட்டி எல்லார் கண்ணுக்கும் படணும்... சரி. பிஷப்கிட்ட நீங்களே பேசிடறீங்களா... ரொம்ப சந்தோஷம், ஓரி... இல்ல, ரொம்ப இல்ல. அளவாத்தான்."

ரிசீவரைத் தாங்கியில் வைக்கக் குனிந்தவன், மீண்டும் அதைச் செவிக்குக் கொண்டுசென்றான்.

"என்ன?... இன்னும் ஒண்ணா?... இன்னொரு கலப்பையா? யாருக்கு?... கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, கேக்கலை... உங்களுக்கா?"

அவன் அலமாரி மேலிருந்த தொப்பியை எடுத்து மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ம்... போன வார ஏலத்துலயா... எட்டுக் குதிரையும் போயிடுச்சா. நல்லதுதானே... ஓ. லாயத்துல மிச்சம் ரெண்டு கிழட்டுப் பெட்டைதானா... மேட்டு நிலம் இன்னும் உழலையா. அடடா... அதுங்க பழைய கலப்பையை இழுக்காதுதான்... இல்ல, நான் எதுக்குச் சிரிக்கப்போறேன்... அனுப்பறேன், கட்டாயம் அனுப்பறேன். இரும்புக்கட்டியோடவா, இல்லாமலா?"

வெர்னா சன்னலில் காதை வைத்திருந்தாள்.

"சரி... ரோட்டுலேருந்து தெரியாத வயலா... புரியுது. அப்ப ஆணியும் வேண்டாம்... ஹலோ? ஓரி?... ஹலோ?"

மறுமுனையில் டீக்கன் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.