ராணியைக் கொடுத்த ஆட்டம்

டீ போதும் சார். இதற்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்செரிச்சல் வரும். பூபாலனுடைய இன்ஹேலர் எப்படி என் சட்டைப் பைக்குள் வந்தது என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் அவன் எப்படி செஸ் ஆடுவான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அவனுக்குப் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி. பஞ்சுத் தூசியில் மூச்சிரைப்பு வந்துவிட்டது. லீவு நாளில் பஸ் பிடித்துத் திருத்தணிக்கு வருவான். என் வீட்டு மாடியில் ஆடுவோம். காய்க்குக் காய் வெட்டி, பலகையைக் காலி பண்ணி, கடைசியில் ஒற்றைச் சிப்பாயை நகர்த்தி நகர்த்தி ஜெயிப்பான். எப்போதும் அவன்தான் ஜெயிப்பான்.

எனக்கு அந்த மாதிரி ஆட்டம் பிடிக்காது. அரக்கோணத்துக்கு வேலைக்குப் போகும்போது ரயிலில் பழைய காலத்து ஆட்டங்களைப் படித்துக்கொண்டு போவேன். அந்த ஆட்கள் யானைகளை வேண்டுமென்றே வெட்டக் கொடுப்பார்கள், ராணியையே கொடுப்பார்கள். மிச்சமிருக்கும் குதிரையை வைத்து எதிரி ராஜாவை வெளியே இழுத்துவந்து நடுப்பலகையில் முடிப்பார்கள். படித்தால் கண் கலங்கும் சார். பூபாலனிடம் காட்டினால் சிரிப்பான்.

"எதிர்ல ஆடினவன் ஏமாந்துட்டான், அவ்ளோதான் தீனா. செல்போன்ல செஸ் ஆப்புல போட்டுப் பாரு, ராணிய குடுத்தது தப்புன்னு சொல்லும்."

நான் கோபப்பட்டதே இல்லை.

ஆடிக் கிருத்திகை அன்றும் வந்தான். தெருவெல்லாம் காவடிக் கூட்டம், மேளச் சத்தம். கவனம் சிதறக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, கதவுக்குத் தாழ் போட்டேன். அன்றைக்குத்தான் அந்தப் பழைய ஆட்டங்களில் வருகிற மாதிரி ஒரு இடம் பலகையில் எனக்கு வாய்த்தது. ராணியைக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

அவன் வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் ஆரம்பித்தது. சிக்கலான இடம் வந்தால் மருந்தை இழுத்துக்கொண்டே யோசிப்பது அவன் பழக்கம். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. பலகைக்குப் பக்கத்தில் இருந்த இன்ஹேலரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். முதலில் ஆடு, அப்புறம் தருகிறேன் என்றேன்.

"வெளாடாத தீனா. மூச்சு முட்டிகினு வருது."

ஒரு தடவை நகர்த்தினால் போதும் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். எழுந்து கதவுப் பக்கம் போனவன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். நான் பலகையைத் தூக்கி, ஒரு காயும் அசையாமல், அவன் முன்னால் தரையில் வைத்தேன். உதடு நீலமாகியிருந்தது. ஓரத்துச் சிப்பாயை விரலால் ஒரு கட்டம் தள்ளினான்.

அதற்கப்புறம் என் குதிரைக்குப் போக இடமில்லை, ராணியைக் கொடுத்தது வீண். அது புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் அவன் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது சார். அதைக் கணக்கில் எடுக்க முடியாது. சிப்பாயைப் பழைய கட்டத்திலேயே வைத்தேன்.

அப்போதுதான் என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். எங்கள் ஆட்டத்தில் கையை நீட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நானும் பிடித்துக் குலுக்கினேன். அந்தக் கை தளரும்வரை விடவில்லை.

அவனைக் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஏமாற்றி ஜெயித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.