செடித்தொட்டி என்று விற்கப்பட்ட தேக்சா குறித்து மதார் சாகிப் சொன்னது

என் பெயர் மதார் சாகிப். வயது எழுபத்திரண்டு. கோவளத்தில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். முன்பு சைக்கிள் கடை வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் படிக்க நானாகக் கற்றுக்கொண்டேன். ஆகவே இதை நானே படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்திடுவேன் என்று தலைமைக் காவலர் கலையரசனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு நடந்த அநியாயம் இது. கல்யாணத்துக்கும் கந்தூரி விருந்துக்கும் பிரியாணி ஆக்குகிற, எங்கள் பள்ளிவாசலின் பெரிய செம்புத் தேக்சா திருட்டுப் போனது. பழைய பொருள் விற்கும் செல்போன் செயலியில் அது விலைக்கு வந்திருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்ததையே காரணமாக வைத்து, விற்றவனும் நான்தான் என்கிறார்கள்.

பள்ளிவாசலின் பாத்திர அறையைப் பார்த்துக்கொள்வது நான்; அதன் சாவி என்னிடம் மட்டுமே இருக்கிறது. சென்ற கந்தூரி முடிந்ததும் தேக்சாவைக் காயவைத்து உள்ளே வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு ஒரு நிக்காஹுக்காக அறையைத் திறந்தபோது அது இல்லை. பூட்டு உடைபடவில்லை. பள்ளிவாசல் செயலாளர் தௌசிஃப் போலீசில் புகார் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அதன் பிறகு, திருட்டுச் சாமான் இப்போது போனில்தான் விலை போகிறது என்று கேள்விப்பட்டு, அந்தச் செயலியில் "பிரியாணி தேக்சா" என்று போட்டுத் தேடினேன். புது அலுமினியப் பாத்திரம் வந்தது, குக்கர் வந்தது, மசாலா பாக்கெட்கூட வந்தது. "செம்பு அண்டா" என்று போட்டால் தண்ணீர் பாட்டில் வந்தது. காசு கொடுத்தவன் பொருள்தான் மேலே நிற்கிறது. தேடுகிற பொருள் அடியில் கிடக்கிறது. நான் விடவில்லை. சாப்பிடும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு நாள், எல்லாவற்றுக்கும் கீழே, "பழங்காலச் செடித்தொட்டி, ரிசார்ட் அலங்காரத்துக்கு, மாமல்லபுரம்" என்று ஒரு படம் இருந்தது. எங்கள் தேக்சாவுக்குள் மண்ணைக் கொட்டி ஒரு குரோட்டன்ஸ் நட்டிருந்தார்கள். விளிம்பில் "ஷரீபுன்னிசா உபயம்" என்று பெயர் வெட்டியிருந்தது தெரிந்தது. ஒரு பக்கத்து வளையம் இரும்பு. அதை மாட்டியவன் நான்.

உடனே தௌசிஃபிடம் காட்டினேன். அவர் அதை என் போனிலிருந்து தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு தெருவே அதை அழுத்தியது. விற்கிறவனுக்கு ஆளாளுக்குச் செய்தி அனுப்பினார்கள். "எங்க கீது? இன்னா வெல?" என்று ஒருவர். "பிரியாணியோட தருவியா நைனா?" என்று இன்னொருவர். "டேய் திருடா" என்று எத்தனை பேர் என்று தெரியாது. எல்லாரும் பார்க்கப் பார்க்க அந்தப் படம் மேலே ஏறி வந்து, "உங்கள் பகுதியில் அதிகம் பார்க்கப்பட்டது" என்று முதல் இடத்தில் நின்றது.

மறுநாள் காலை நிலையத்துக்கு வந்தேன். தௌசிஃபும் வந்தார். கலையரசன் தம் போனில் தேடினார். "பெருசு, எனக்கு மீன் தொட்டிதான் வந்துகினு கீது" என்றார். என் போனில் படம் இருந்தது. நீட்டினேன். அவர் அழுத்தினார். விளம்பரம் நீக்கப்பட்டது என்று வந்தது. அதன் பிறகு என் போனிலும் அது வரவில்லை.

அப்போது தௌசிஃப் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "நாங்க தேடினப்போ யாருக்கும் வராதது உங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு சாச்சா? போட்டவரே எடுத்துட்டாரோ?"

நான் சொன்னேன்: "நீங்கள்லாம் மூணாவது படத்துலயே நின்னுட்டீங்கடா. நான் கடைசி வரைக்கும் தள்ளிப் பாத்தேன்."

அவர் சிரித்தார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை.

கலையரசன் எழுதியதை எழுத்து எழுத்தாகப் படித்தேன். நான் சொன்னது இருக்கிறது, சொல்லாதது இல்லை, பொய் இல்லை. கையெழுத்துக்கு முன் இவற்றையும் சேர்க்கச் சொன்னேன்:

விளம்பரம் போட்டவனின் பெயரையும் நம்பரையும் செயலிக்காரர்கள் கொடுக்க வேண்டும். படத்தை எடுத்துவிட்டால் ஆளும் போய்விட்டான் என்று அர்த்தமில்லை. அதைப் போலீஸ் எழுத்தில் கேட்க வேண்டும், போனில் தேடிப் பார்த்து முடித்துவிடக் கூடாது.

மாமல்லபுரத்து ரிசார்ட்காரர்கள் தங்கள் வாசலில் வைத்திருக்கும் தொட்டிகளின் விளிம்பைப் பார்க்க வேண்டும். பாலிஷ் போடக் கூடாது, பெயர் போய்விடும்.

குழுவில் இருப்பவர்கள் அந்த விளம்பரத்தைத் திரையிலிருந்து படம் பிடித்து வைத்திருந்தால் அழிக்காமல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். அரட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தௌசிஃப், என்னைக் கேட்டது போலவே எல்லார் முன்னிலையிலும், நான் விற்கவில்லை என்று சொல்ல வேண்டும். தேக்சா கிடைக்கும்வரை காத்திருந்து சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

நான் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்வரிசையில், எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்பேன். என் பக்கத்தில் நிற்க யாருக்கு மனமில்லையோ அவர்தான் பின்வரிசைக்குப் போக வேண்டும்.

(ஒப்பம்) மதார் சாகிப்