முன்னால் நின்ற கார் என்னுடையது

மாவட்ட சிவில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்காக, கும்தெர்வின் ஊர் இலவசச் சட்ட ஆலோசனை மையத்தில், தன்னார்வலர் திரு. பென்ரி முன்னிலையில், சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர்: எர்லிஸ் ப்ராஸர். கணவர் பெயர்: கெத்தின் ப்ராஸர். வயது: அறுபத்தொன்று. தொழில்: ஆரம்பப் பள்ளியில் சமையல். முகவரி: 9, மேல் டெரஸ், கும்தெர்வின், தெற்கு வேல்ஸ்.

நான் மேற்படி முகவரியில் கணவருடன் வசித்து வருகிறேன். கார் நிறுத்தியதற்கான கட்டணம் கேட்டு ஒரு தனியார் நிறுவனம் லௌரி பெவன் என்ற பெண் மேல் தொடுத்துள்ள வழக்கில் நான் பிரதிவாதி தரப்புச் சாட்சி. என் மேல் வழக்கு ஏதும் இல்லை. அதே நாளில் அதே இடத்தில் நின்றதற்காக என்னிடம் கேட்ட கட்டணத்தை அந்த நிறுவனம் ரத்து செய்துவிட்டது. ஆகவே நான் இங்கே வந்து உட்கார வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. திரு. பென்ரியும் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டார். வந்தது வந்தாயிற்று, எழுதுங்கள் என்றேன்.

கடந்த மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடைத்தெருவின் பல்பொருள் அங்காடிக்குப் பின்னால் உள்ள நிறுத்தத்தில் என் காரை நிறுத்திவிட்டு, பல் மருத்துவரிடம் போய்விட்டு, அதன் பின் அங்காடியில் மாவும் வெண்ணெயும் வாங்கினேன். அங்கே இரண்டு மணி நேரம் இலவசம். உள்ளே வரும் வழியில் ஒரு கேமரா, வெளியே போகும் வழியில் ஒரு கேமரா, இரண்டும் நம்பர் பலகையைப் படம் பிடிக்கும். இரண்டு படங்களுக்கும் நடுவில் உள்ள நேரம் முழுவதும் கார் நிறுத்தியிருந்த நேரம் என்பது நிறுவனத்தின் கணக்கு. வாசலில் வந்து வழிக்காகக் காத்திருப்பவளும் அவர்கள் கணக்கில் நிறுத்தியவள்தான். நான் காரைக் கிளப்பியபோது இரண்டு மணி நேரம் ஆகவில்லை.

நான் வாசலுக்கு வந்தபோது தெருவில் சவ ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு இருப்பதே ஒரு தெரு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஆறு. தேவாலயம் கீழ்க்கோடியில், கல்லறைத் தோட்டம் மேல்கோடியில். செத்தவர் யாராக இருந்தாலும் அந்த ஒரே வழியாகத்தான் போயாக வேண்டும். இறுதிச் சடங்குக்காரர் உயரத் தொப்பியும் கைத்தடியுமாக முன்னால் நடந்து வந்தார். அவர் பின்னால் சவ வண்டி, அதன் பின் குடும்பத்தாரின் கார்கள், அதன் பின் நடந்து வருபவர்கள். என் காரின் மூக்கு தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினேன். வெளிவாசல் கேமரா எனக்கு ஒரு கார் நீளம் முன்னால் இருந்தது. அவ்வளவு தூரம் உருட்டியிருந்தால் நேரத்துக்குள் வெளியே போனதாகக் கணக்காகியிருக்கும். செத்தவர் முகத்துக்கு நேரே என் பம்பரை நீட்டியிருக்கவும் வேண்டும். நான் உருட்டவில்லை. இஞ்சினை அணைத்து, கீழே இறங்கி, கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எதிரே கறிக்கடைக்காரர் வெட்டுக்கத்தியை உள்ளே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். மாடி வீடுகளில் திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். சவ வண்டி தொழிலாளர் மன்றத்துக்கு முன்னால் நின்றது. மன்றத்திலிருந்து ஆண்கள் வெளியே வந்து இரண்டு அடி பாடினார்கள். எங்கள் ஊர்ப் பாடகர் குழுவில் பாடியவர் செத்தால் அப்படிச் செய்வது வழக்கம். ஆகவே செத்தவர் பாடியவர் என்பது தெரிந்தது. அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அப்போது என் பின்னால் ஒரு சிறிய வெள்ளைக் கார் வந்து நின்றது. வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சியின் பெயர் அதன் கதவில் இருந்தது. ஓட்டி வந்தது சின்னப் பெண். ஹாரன் அடிப்பாள், அடித்தால் திரும்பி ஒரு வாங்கு வாங்கலாம் என்று நினைத்துத் திரும்பினேன். அவளும் இறங்கி, சீருடையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு தடவை மணி பார்த்தாள். பார்த்ததை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவள்தான் லௌரி பெவன் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாசல் ஒற்றை வழி. நான் நகராமல் அவள் நகர்ந்திருக்க முடியாது.

நடந்து போகிறவர்களில் கடைசி ஆள் கடக்கும்வரை யாரும் ஊடே போவதில்லை. அன்றைக்குக் கடைசி ஆள் ஒரு கிழவர், நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போனார். அவரை அவசரப்படுத்த எந்த நிறுவனத்துக்கும் அதிகாரம் கிடையாது. அவர் போன பின் நான் போனேன், எனக்குப் பின் அந்தப் பெண் போனாள். இரண்டு மணி நேரமும், அதற்கு மேல் தரும் சலுகை நேரமும் தாண்டிவிட்டிருந்தன.

அதன் பின் இரண்டு வாரம் கழித்து என் பெயருக்கு நிறுவனத்திடமிருந்து தபால் வந்தது. நூறு பவுண்டு, சீக்கிரம் கட்டினால் அறுபது. என் கணவர் கெத்தின் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், தபாலில் வரும் எதற்கும் பயப்படுகிறவர். அறுபதைக் கட்டித் தொலை, சனியன் விட்டது என்றார். அவருடைய தம்பி டெல்வின் ஒரு வழி சொன்னார்: யார் ஓட்டியது என்று சொல்லாதே, அவர்களே நிரூபிக்கட்டும் என்று விட்டுவிடு. அப்படிச் செய்து தப்பியவர்கள் பலர் உண்டாம். ஓட்டியது நான், நின்றதும் நான், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். சவம் போனது, நின்றேன், இன்னொரு தடவை போனாலும் நிற்பேன் என்று என் கைப்பட எழுதி அனுப்பினேன்.

நிறுவனம் பதில் எழுதியது. சவ ஊர்வலத்துக்கு வழிவிட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, தெரு திறந்துதான் இருந்தது, ஊடே போயிருக்கலாம் என்று எழுதினார்கள். சட்டம் இல்லைதான். அடுத்தவர் தட்டில் தும்மக் கூடாது என்றும்தான் சட்டம் இல்லை. இறந்தவர் என் குடும்பத்தவர் என்றால் மரணச் சான்றிதழின் நகலை அனுப்பலாம், அனுதாபத்தோடு பரிசீலிப்போம் என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கை மசித்த மசிப்பில் கரண்டியே வளைந்துவிட்டது. செத்தவர் எனக்கு உறவு இல்லை, பெயர்கூடத் தெரியாது, கேட்கப்போவதும் இல்லை, நீதிமன்றத்துக்குக் கூப்பிடுங்கள், கறிக்கடைக்காரரையும் பாடகர் குழு மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று பதில் போட்டேன். அதன் பின் ஒரு மாதம் பேச்சில்லை. பிறகு, நல்லெண்ண அடிப்படையில் ரத்து செய்கிறோம் என்று ஒரு வரி வந்தது. கெத்தின் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்தார். ஊரெல்லாம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன். அதை நான் மறைக்கவில்லை.

அதன் பின் ஜூன் மாதம் ஒரு மாலை, கொட்டும் மழையில் அந்தப் பெண் மேட்டில் நடந்து போவதைப் பார்த்தேன். காரை நிறுத்தி ஏறச் சொன்னேன். வெள்ளைக் கார் எங்கே என்று கேட்டேன். ஏஜென்சி திரும்ப வாங்கிக்கொண்டது என்றாள். அன்றைக்கு அவளும் பக்கத்தில் ஒரு முதியவரைக் கவனித்துவிட்டு நேரத்துக்குள்தான் வாசலுக்கு வந்தாளாம், அவளுக்கும் அதே கட்டணம் வந்ததாம். கார் ஏஜென்சியுடையது என்பதால் தபால் அங்கே போனது, அவர்கள் ஓட்டியவள் இவள் என்று பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பணத்தைக் கட்டினால் வேலை நேரத்தில் ஊர் சுற்றியதை ஒப்புக்கொண்டதாக ஆகும், வேலை போய்விடும். கட்டாமல் நீதிமன்றத்தில் ஜெயித்தால் வேலையைத் திரும்பத் தருவார்கள். அதுவரை சம்பளம் இல்லை. அப்போதுதான் தன் பெயரையும் சொன்னாள். என் பெயரைச் சொல்லி, எனக்கு ரத்து செய்த மாதிரி உனக்கும் செய்துவிடுவார்கள், பயப்படாதே என்று நான் ஆறுதல் சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்.

"அங்கதான் ஆன்ட்டி சிக்கலே. முன்னால நின்ன காருக்குக் கட்டணமே இல்ல, அது நேரத்தோட வெளிய போயிருக்கு, அப்ப வழி அடைச்சிருந்துச்சுன்னு நீ சொல்றது பொய்யின்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க."

என்னால் காரை மேலே ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். நான் மீன் தின்று கொண்டாடிய ரத்தை எடுத்து இவள் கழுத்தில் கத்தியாக வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. இருக்கையை ஈரமாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்கு நான் முன்னால் நிற்காமல் இருந்திருந்தால் நீ போயிருப்பாய் அல்லவா என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி, நானும் நின்னிருப்பேன்" என்றாள்.

வீட்டுக்குப் போய்க் கெத்தினிடம் சொன்னேன். நான் சாட்சி சொல்லப்போகிறேன் என்றதும் அவர் டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காத எர்லிஸ். நானும் லேட்டாத்தான் போனேன்னு நீயே எழுதிக் குடுத்தா, ரத்து பண்ணினவன் திரும்ப வருவான். இந்தத் தடவை நூறோட நிக்காது."

"வரட்டும். என் பின்னால நின்ன பொண்ணு அவ. நான் மட்டும் தப்பிச்சு அவ மாட்டினா, நான் தொப்பியக் கழட்டினதுக்கு என்ன மரியாதை?"

பேச்சை வளர்க்க அவருக்குப் பிடிக்காது, பயப்படவும் அவருக்கு அலுக்காது. இரண்டு நாள் உர்ரென்று இருந்தார். இன்றைக்குக் காலையில் நான் கோட்டை மாட்டியபோது, பஸ்ஸில் போக வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். இப்போது இந்த மையத்துக்கு எதிரே, டிக்கெட் எடுத்து நிறுத்த வேண்டிய இடத்தில், காரில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு டிக்கெட் எடுத்தார். நேரத்துக்கு வெளியே வந்துவிட வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

நான் நீதிமன்றத்துக்குச் சொல்வது இதுதான். முன்னால் நின்ற கார் என்னுடையது. அது நேரத்தோடு வெளியே போகவில்லை. நேரத்தோடு போனதாக நிறுவனம் சொல்வது பொய், அவர்கள் எடுத்த படமே அதைக் காட்டும். லௌரி பெவன் வெளியே போக முடியாமல் வழியை அடைத்தவள் நான். அப்படி நின்றது குற்றம் என்றால் அதை முதலில் செய்தவள் நான், எனக்கு ரத்து செய்ததைத் திரும்பப் போட்டுக்கொள்ள எனக்குச் சம்மதம். குற்றம் இல்லை என்றால் இரண்டு பேருக்கும் இல்லை. ஒருத்திக்கு நல்லெண்ணமும் இன்னொருத்திக்கு வழக்கும் என்று பிரித்துக் கொடுக்க வேண்டாம்.

செத்தவர் யார் என்று தெரியாமலா இவ்வளவு என்று திரு. பென்ரி என்னிடம் கேட்டார். அவர் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. இப்போதும் தெரியாது, விசாரிக்கவும் இல்லை என்றேன். தெரிந்தவருக்கு மட்டும் நிற்பதென்றால் அதற்குப் பெயர் மரியாதை இல்லை, உறவு என்றேன்.

அதை அவர் எழுதிக்கொண்டிருந்தபோது தெருவில் வண்டிகளின் சத்தம் நின்றது. இந்த மையமும் அதே தெருவில்தான் இருக்கிறது. ஜன்னல் வழியாக உயரத் தொப்பி தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். திரு. பென்ரி என்னைப் பார்த்தார், பேனாவை வைத்துவிட்டு அவரும் எழுந்து நின்றார். எதிர்ப்பக்கம் கெத்தின் காரை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். டிக்கெட் பார்க்கிற ஆள் நாலு கார் தள்ளி வந்துகொண்டிருந்தான். கெத்தினுக்கு நேரம் முடிந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர்வலம் முழுவதும் போன பின் உட்கார்ந்தோம். இதையும் எழுதுங்கள் என்றேன். வழக்குக்கு இது தேவையா என்று திரு. பென்ரி யோசித்தார். பிறகு எழுதினார்.

மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. என் அறிவுக்கு எட்டியவரை அத்தனையும் உண்மை. பொய் சொல்லியிருந்தால் தண்டனை உண்டு என்பது புரிந்தே, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், ஒரு வரியையும் அடிக்கச் சம்மதிக்காமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) எர்லிஸ் ப்ராஸர்

என் முன்னிலையில்: (ஒப்பம்) பென்ரி