டப்பிங் ரூம் வாசலில் வாங்கிய போன்

உட்கார்ந்தே வேலை பார்க்கிறவனுக்கு முதல்ல போறது முதுகுதான் சார். அதான் சாய்மானம் வச்ச நாற்காலி கேட்டேன். கொடுத்தீங்க, நல்லது.

நான் எடிட்டர். எங்க மூணு படத்தையும் பார்த்திருப்பீங்க. ஒரே ரூம்ல அடிச்சுக்கிற ரெண்டு ஃபிரெண்ட்ஸ் கதை ஒண்ணு, மாப்பிள்ளைத் தோழன் கல்யாணத்தையே சொதப்புற கதை ஒண்ணு, குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாத அப்பன் கதை ஒண்ணு. மூணையும் எழுதி நடிச்சவன் என் ஃபிரெண்ட் லேட்டு. எதுக்கும் நேரத்துக்கு வராததால காலேஜ்ல நான் வச்ச பேரு. அவன் எங்க மூச்சு விடுவான், எங்க இழுப்பான்னு அவன் பொண்டாட்டியைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். அவளை நான் தங்கச்சின்னுதான் கூப்பிடுவேன். அவளும் வாய் நிறைய அண்ணாம்பா.

நாலாவது படத்துக்குக் கதை பேச உட்கார்ந்தோம். "போதும்டா. அவளுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. பாப்பாவை நான் பார்த்துக்கப் போறேன். சினிமாவுக்கு ஒரு பெரிய கும்பிடு"ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான், பாவி. இருபது வருஷமா அவனைக் கேக்காம நான் ஒரு சட்டைகூட எடுத்ததில்லை.

வசனத்துல ஒரு வார்த்தை பிசிறடிச்சா, வேற டேக்ல இருந்து நல்ல வார்த்தையை எடுத்து ஒட்டுவோம். தினமும் செய்யிற வேலைதான். மூணு படத்து டேக்கும் என்கிட்ட இருந்துச்சு. "உன்னையும் குழந்தையையும்"ங்கிறது பொண்டாட்டியைக் கொஞ்சுற சீன்ல இருந்து எடுத்தது. "கொன்னுடுவேன்டா" கல்யாணப் பந்திச் சண்டையில வரும், தியேட்டரே விழுந்து விழுந்து சிரிச்ச இடம். கடைசி "டா"வை வெட்டிட்டேன். நடுவுல அவன் மூச்சை வச்சேன். மூச்சு இல்லைன்னா நம்ப மாட்டாங்க.

வேற ஒரு படத்துக்கு டப்பிங் பேச வந்தவன், உள்ள போன் கூடாதுன்னு வழக்கம்போல என் கையில கொடுத்துட்டுப் போனான். அதுல இருந்தே ஒட்டின ஆடியோவைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். அப்புறம் அவன் போன்ல அழிச்சுட்டேன்.

பத்து நிமிஷத்துல தங்கச்சி என்னைத்தான் கூப்பிட்டா. போலீஸுக்குப் போறேன்னா. "அவசரப்படாதம்மா, நான் பேசி வழிக்குக் கொண்டுவரேன். அவன் போனை மட்டும் எடுக்காத"ன்னேன். படத்துக்கான துணிமணி போட்டு வைக்கிற மூணாவது மாடி வீட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

போய்ப் பார்க்கும்போதெல்லாம் கதவுக்கு மேஜையை முட்டுக் கொடுத்திருப்பா. பாப்பாவுக்கு மூணு வயசு. தூங்கும்போதும் செருப்பைக் கழட்ட விடலை. அப்பா குரல் கேட்டா சத்தம் போடாம கட்டிலுக்கு அடியில போயிடணும்னு தினமும் பழக்கினா. பொண்டாட்டி பிள்ளையைக் காணோம்னு லேட்டு என் வீட்டுல கிடந்து அழுதான், காலேஜ்ல இருந்த மாதிரி பழையபடி ஒரே ரூம்ல. சொல்லக் கூடாது, எனக்கு அந்தப் பதினோரு நாளும் நிம்மதியா இருந்துச்சு.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், சட்டை எடுக்கப் போன காஸ்ட்யூமர் அவளைப் பார்த்துட்டு அவன்கிட்ட சொல்லிட்டார். அவன் ஓடினான். தங்கச்சி எனக்குப் போன் பண்ணினா. "அண்ணா, வந்துட்டார். கதவைத் தட்டுறார். நான் என்ன பண்ணட்டும்ணா?" பின்னால அவன் குரல் எனக்கே கேட்டுது. பாப்பா பாப்பான்னு கதறிக்கிட்டிருந்தான்.

திறம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திறந்தா பேசுவாங்க, பேசினா நான் மாட்டுவேன். "திறக்காத. ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுப் பக்கம் போயி ஆளைக் கூப்பிடு"ன்னேன். அதுக்குக் கால் வைக்க வேண்டிய சன்ஷேடுல பாசி பிடிச்சிருக்கும்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அவ விழுந்த சத்தம் போன்ல வரலை. அவன் கதவை உடைச்சிட்டு உள்ள போயும் பாப்பா கட்டிலுக்கு அடியில இருந்து வரவே இல்லையாம். இன்னும் அவன் வாயைத் திறந்தாலே ஒளிஞ்சுக்குதாம். பழகிடும், குழந்தைதானே.

அந்த ஆடியோவை ஒட்டினது நான்தான், அனுப்பினதும் நான்தான். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். காலையில இருந்து அவன் ஸ்டேஷனுக்கு வெளிய உட்கார்ந்திருக்கான்னு சொன்னீங்க. எனக்குத் துணையாத்தான் வந்திருப்பான். பசி தாங்க மாட்டான், ஏதாவது சாப்பிட்டானான்னு கேட்டுச் சொல்லுங்க சார்.