அந்த அம்மா சைகை காட்டவில்லை

மேடையை நிறைத்திருக்கும் கழகத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, ஒழுங்குக் குழுவினரே, சீட்டு மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி இருக்கும், மறைந்த மருந்துக்கடை அம்மாவின் கணவர் அவர்களே! வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் மருந்துக்கடை அம்மாவை வானளாவப் புகழ்ந்தார்கள். "கழகத்தின் தூண்" என்றார் தலைவர். "நேர்மையின் மறுபெயர்" என்றார் செயலாளர். நான் பல் வைத்தியன். பல்லைக் கடிக்காதீர்கள், தேய்ந்துவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவன். இவ்வளவு நேரம் நானே கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இனி முடியாது.

தூணா? அந்தத் தூண் இந்த ஆண்டு முழுவதும் ஏன் இந்த மண்டபத்தில் இல்லை? நேர்மையின் மறுபெயரைப் பார்த்து, வாசல் தாண்டி வராதே என்று சொன்னது யார்?

அம்மாவின் கணவருக்கும் மகளுக்கும் பிரிட்ஜ் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். இது ஜோடியாக ஆடும் சீட்டாட்டம். எதிரே உட்கார்ந்திருக்கும் நம் ஜோடிக்காரரின் சீட்டு நமக்குத் தெரியாது. இத்தனை பிடி எடுப்பேன் என்று ஏலத்தில் நாம் கேட்கும் கேள்வி ஒன்றால்தான் நம் கையை அவருக்குச் சொல்லலாம். கண்ணால் சொல்லக்கூடாது. குரலை ஏற்றி இறக்கிச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பொருள் என்பதை எதிரணி கேட்டால் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அம்மாவோடு நான் ஆடிய முதல் நாள், நல்ல சீட்டு வரும் என்ற நப்பாசையில் கைக்கு மீறிக் கேட்டுவிட்டுத் தோற்றேன். அவர் கோபிக்கவில்லை. "டாக்டர், கையில இருக்கிறத சொல்லுங்க. மனசுல இருக்கிறத வீட்டுக்குப் போய் சொல்லிக்கலாம்" என்றார். அன்று முதல் அவருக்கு எதிர் நாற்காலி என்னுடையது.

கழகங்களுக்கிடையிலான கோப்பைப் போட்டியின் கடைசி ஆட்டம் நினைவிருக்கிறதா, செயலாளர் அவர்களே? எதிரணி நாலு ஆட்டின் கேட்டது. நான் நெடுநேரம் யோசித்துவிட்டு 'பாஸ்' சொன்னேன். அம்மாவின் கையில் ஸ்பேட் குவிந்து கிடந்தது. நாலு ஸ்பேட் கேட்டிருந்தால் கோப்பை நமக்கு. அவர் கேட்கவில்லை. நடையில் நின்று நீங்கள் கத்தினீர்கள்.

"ஏம்மா, அத்தனை ஸ்பேடை வெச்சுக்கிட்டா பேசாம இருந்தீங்க?"

"டாக்டர் யோசிச்சாரு சார். யோசிச்சா கையில ஏதோ இருக்குன்னு அர்த்தம். அத வெச்சு நான் கேட்டா அது திருட்டு."

கோப்பையை விட்டார்! உங்கள் ஏச்சை வாங்கிக்கொண்டார்! ஜோடி யோசித்த நேரத்தைக்கூடப் பயன்படுத்த மறுத்தார்! அந்த அம்மாவைத்தான் நீங்கள் ஏமாற்றுக்காரி என்றீர்கள்.

நடந்தது இதுதான். வாராந்தரப் போட்டியில் நான் ஒரு ஸ்பேட் சொன்னேன். அவர் தாவி நாலு கிளாவர் கேட்டார். எங்கள் பேச்சில் அதற்குப் பொருள்: உங்கள் ஸ்பேட் எனக்குப் பொருந்துகிறது, கிளாவரில் என்னிடம் ஒரே ஒரு சீட்டுதான். எதிரணி கேட்டது, அப்படியே விளக்கினேன். என் கிளாவரில் ஏஸைத் தவிர மற்றதெல்லாம் துக்கடா. ஆக, வீணாகிற சீட்டே இல்லை என்று கணக்குப் போட்டு ஆறு ஸ்பேட் வரை, அதாவது பதின்மூன்றில் பன்னிரண்டு பிடி எடுப்பேன் என்று போனேன். பன்னிரண்டு பிடியும் வந்தது. அதே சீட்டுகளை ஆடிய வேறெந்த மேசையிலும் அந்த ஏலத்தை யாரும் கேட்கவில்லை. உடனே முணுமுணுப்பு. "அந்தம்மா மூக்குக் கண்ணாடிய தூக்கி விட்டுக்கிட்டே இருந்தாங்க. அது சைகை."

சைகையா?

ஐயா, முன்வரிசையில் இருக்கும் நீங்கள் சொல்லுங்கள், அந்தக் கண்ணாடி ஏன் வழுக்கியது? நோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது! முகம் ஒட்டி, கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. நீங்கள் கடைக்குக் கொண்டுபோய் இறுக்கி வாங்கி வந்தீர்கள். அவர் இன்னும் இளைத்தார். மறுபடி வழுக்கியது. சாகப்போகிற ஒருத்தி கண்ணாடியை ஏற்றிவிட்டதை இவர்கள் திருட்டு என்றார்கள்!

செயலாளர் தொலைபேசியில் சொன்னார்: "விசாரணை முடியற வரைக்கும் வராதீங்கம்மா." நான் தலைவர் வீட்டுக்கே போய் நோயைப் பற்றிச் சொன்னேன். தேநீர் கொடுத்தார். "பாக்கலாம் டாக்டர், அடுத்த கூட்டத்துல வெக்கலாம்" என்றார். எந்தக் கூட்டத்தில் வைத்தீர்கள்? ஒரு முறையாவது அவரை அழைத்துக் கேட்டீர்களா? விசாரணைக்குக் கிடைக்காத மண்டபம் இரங்கலுக்கு மட்டும் எப்படி உடனே கிடைத்தது?

மருத்துவமனையில் அவர் என்னிடம் கேட்டார்: "கிளப்புல என்ன பேசிக்கிறாங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் விசாரிச்சாங்க."

"கைக்கு மீறி கேக்காதீங்க டாக்டர். உள்ளத சொல்லுங்க."

சொன்னேன். யாரும் வாய் திறக்கவில்லை என்று சொன்னேன். "என்னை நல்லவள்னு யாரும் சொல்ல வேணாம். நான் அத பண்ணலன்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கழகத்தாரே, அவருக்கு எதிரே அமர்ந்து ஆடியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நான் இந்தக் கழகத்தை விட்டுப் போகமாட்டேன். அப்படிப் போனால் உங்களுக்கு வசதியாகிவிடும். இனி என் எதிரே யார் அமர்ந்தாலும், கையில் இருப்பதை இருக்கிறபடியே சொல்லி ஆடுவேன். யார் மீது முணுமுணுப்பு வந்தாலும், முணுமுணுத்தவரை எழுப்பி நிறுத்தி, எல்லார் முன்னிலையிலும் கேட்பேன். அம்மாவுக்கு நான் கொடுக்கும் வாக்கு இது.

அடுத்து எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்கிறார் செயலாளர். வேண்டாம்! அவர் உயிரோடு இருந்தபோது நீங்கள் செலுத்திய மௌனமே போதும். முதலில் மேடையிலிருந்து ஒருவர் எழுந்து, அவருடைய மகள் காதில் விழும்படி, "உங்கள் அம்மா ஏமாற்றவில்லை" என்று சொல்லட்டும்.

தலைவரே, மைக் இதோ இருக்கிறது.