ஒரு படம்தான் அனுப்பினேன்

பாவித்த போன் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பெட்டரியைத்தான். கண்ணாடி உடைந்தால் மாற்றலாம், கவர் போட்டுக் கீறலை மறைக்கலாம், பெட்டரி செத்த போனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் ரிப்கான் எனக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தார். உங்களுக்கும் என்றைக்காவது உதவும், இன்ஸ்பெக்டர்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

என் பழைய போன் மரீன் டிரைவில் பறிபோனது. பின்னேரங்களில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் உள்ள குட்டைச் சுவரில் போய் உட்கார்ந்திருப்பேன். போனைக் காதில் வைத்திருப்பேன். பார்ப்பவர்கள் யாருடனோ கதைக்கிறேன் என்று நினைப்பார்கள். நான் கதைப்பதில்லை, கேட்பேன். என் மகன் லவன் வேலை முடிந்து வரும் வழியில் குரலைப் பதிந்து அனுப்புவான். “அம்மா, பொரளை தாண்டிட்டன். தோசையை இப்ப ஊத்திப்போடாதேங்கோ. நான் வந்தாப்பிறகு சுடச்சுட ஊத்துங்கோ.” எல்லாம் இப்படித்தான், பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. ஒரு நாள் பஸ்ஸால் இறங்கி வீதியைக் கடந்தபோது அவனை வான் ஒன்று அடித்துவிட்டது. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னிடம் இருந்தது அந்தக் குரல்தான்.

ஹெல்மெட் போட்ட ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து என் காதிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனான். லவன் பாதி வசனத்தில் நின்றான்.

முறைப்பாடு செய்யப் போனேன். எழுதிக்கொண்ட பொலிஸ்காரர் நல்ல பிள்ளை. “வென எகக் கன்ன, அம்மே” என்றார். வேறொன்று வாங்குங்கள் என்று. பக்கத்து வீட்டு இரத்தினம்மாவும் அதையே சொன்னா: “போன்தானே, விடுங்கோ. உயிர் தப்பினதே பெரிய காரியம்.” நான் ஓம் என்றேன். குரல்களை வேறெங்கும் சேமித்து வைக்கத் தெரியாமல் இருந்தது என் பிழை என்று எனக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பென்ஷனில் வாழ்கிறவள் நல்ல புதுப் போன் வாங்குகிற காலம் இது இல்லை. ரிப்கான் இரண்டை மேசையில் வைத்தார்.

“டீச்சர், இது புதுசு. வொரண்டி ஈக்கி. ஆனா மெமறி காணாது, கொஞ்ச நாள்ல தொங்கிப் போகும். மத்தது பாவிச்சது, நல்ல கம்பனி. பெட்டரி நான் பாத்துட்டேன், பயப்படத் தேவல்ல.”

இரண்டிலும் ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டச் சொன்னேன். குரல் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க. கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அதன் பிறகுதான் நினைவு வந்தது. பாவித்ததையே எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதற்குள் யாரோ ஒரு குடும்பத்தின் படங்கள் கொஞ்சம் அழியாமல் கிடந்தன. ஒரு கிழவர் கட்டிலில் படுத்திருக்கிறார், சுற்றிவர ஆட்கள். அழித்துவிட்டேன். யாருடையது என்று நான் கேட்கப் போகவில்லை. அது வேறு விஷயம்.

அதற்கு முன்பே, கடையில் ரிப்கான் என் பழைய கணக்கைப் புதுப் போனில் திறந்து தந்தார். அப்போதுதான் அது நடந்தது. என் படங்களோடு சேர்ந்து, நான் எடுக்காத படங்களும் வரத் தொடங்கின. இடியப்பத் தட்டுகள். மூக்கு ஒழுகும் ஒரு சின்னப் பையன். கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னையே படமெடுக்கும் ஓர் இளம்பெண். அவளுடைய கையில் என் போன்.

ரிப்கான் குனிந்து பார்த்தார். “களவெடுத்தவன் வித்துட்டான் டீச்சர். ரீசெட் பண்ணினா உங்கட பாஸ்வேர்ட் கேக்கும். அதால அப்படியே விட்டு வித்தீக்கான். இப்ப அந்தப் புள்ள எடுக்கிற போட்டோ எல்லாம் உங்களுக்கு வருது. சேவ் பண்ற நம்பரும் வரும். பாவம், அதுக்குத் தெரிஞ்சீக்காது. பாஸ்வேர்ட மாத்துங்க, இதப் பொலிசுக்கும் காட்டுங்க.”

வீட்டுக்குப் போய் மாற்றுகிறேன் என்றேன். மாற்றவில்லை. நீங்கள் தீர்மானம் என்று ஒன்றை எழுத வேண்டுமானால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு எனக்குப் பொழுதுபோக்கு அதுதான். அவளுடைய பெயர் தாரிகா. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையில் வீட்டிலிருந்தே இடியப்பம் அவித்து விற்கிறாள். ஓடர் எடுக்கப்படும் என்ற பலகையை வாசலில் மாட்டிப் படமெடுத்திருந்தாள். வீட்டு இலக்கம் அதிலேயே இருந்தது. பையனின் பெயர் ஹரிசன். “ஹரிசன் அப்பா கட்டார்” என்று ஓர் இலக்கத்தைச் சேமித்திருந்தாள். பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் உயரமான ஓர் ஆண் அவளுடைய தோளில் கை போட்டபடி நிற்கும் படமும் வந்தது. எந்தப் படத்திலும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அப்படிச் சிரிப்பதற்காக அவள் லவனை அழித்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். கோபம் என்று சொல்ல மாட்டேன். நித்திரை நன்றாகவே வந்தது.

ஒரு சனிக்கிழமை பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பார்க்கத்தான் போனேன். இடியப்பம் வேண்டும் என்றேன். “உள்ள வாங்க ஆன்ட்டி, வெயில்ல நிக்காதீங்க” என்று கதிரை இழுத்துப் போட்டாள். படத்தில் இருப்பதைவிட மெலிந்திருந்தாள். பையன் நிலத்தில் இருந்து என் செருப்பை ஆராய்ந்தான்.

“மகள், என்ட போன்ல சார்ஜ் இல்லை. ஒரு ஓட்டோவுக்குக் கோல் எடுக்க வேணும்” என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் தன்னுடையதைத் தந்தாள். தன்னுடையது என்றா சொன்னேன்? மூலையில் இருந்த வெடிப்பு அப்படியே இருந்தது. லவன் மேசையிலிருந்து தவறவிட்டபோது விழுந்த வெடிப்பு.

“நல்ல போன். எங்க வாங்கினது?”

“புறக்கோட்டையில ஆன்ட்டி. பாவிச்சதுதான். அவர் அனுப்புற காசுக்குப் புதுசு எங்க வாங்குற? ஆனா இதுல ஒரு புதினம்...” என்று தொடங்கியவள் பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “ஒரு புதினம் இருக்கு. பாட்டுத் தேடப் போனேன், யாரோ ஒரு பொடியன்ட குரல் நிறைய இருந்திச்சு. அம்மா, அம்மா எண்டு. தோசை ஊத்தாதீங்க எண்டு. எனக்கு அழிக்க மனசு வரல்ல. அந்த அம்மா யாரோ, பாவம். இவனும் அதக் கேட்டாத்தான் தூங்குவான். போடவா?”

என் கையிலிருந்த போனை எட்டித் தொட்டுப் போட்டாள். லவன் பொரளை தாண்டிவிட்டான். ஹரிசன் விரலை வாயில் வைத்துக்கொண்டு அவளுடைய நெஞ்சில் சாய்ந்தான்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் விளங்குகிறது. அந்த அம்மா நான்தான் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், போனைத் தந்திருப்பாள், தேத்தண்ணியும் ஊற்றித் தந்திருப்பாள். நான் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டியிருந்திருக்கும். என்னிடமிருந்து பிடுங்கியதை நான் அவளிடம் தானமாக வாங்க வேண்டுமா? என் பிள்ளையின் குரலைக் கேட்டு இன்னொருத்தியின் பிள்ளை தூங்குகிறது. அவனுக்குத் தன் தாயும் இருக்கிறாள், என் மகனும் இருக்கிறான். எனக்கு இடியப்பப் பார்சல். இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓட்டோவுக்கு எடுத்துச் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஓட்டோ வரும்வரைக்கும் கதைத்துக்கொண்டிருந்தோம். சுவரில் இருந்த படத்தைக் காட்டி, இவர்தான் ஹரிசன்ட அப்பாவோ என்று கேட்டேன். இல்லை என்று எனக்குத் தெரியும், கணவன் கட்டாரில் இருக்க எடுத்த கேக்குப் படத்தில் நின்ற அதே ஆள்தான்.

“ஐயோ இல்ல, இது எங்கட அண்ணா. அப்பாட முதல் தாரத்துப் பிள்ளை. இப்பிடி ஒரு அண்ணா இருக்கிறதே போன வருஷம்தான் எனக்குத் தெரியும். தேடி வந்தார் ஆன்ட்டி.” குரலைத் தாழ்த்தினாள். “இவன்ட அப்பாவுக்கு இன்னும் சொல்லல்ல. கிஷாந்துக்குக் கொஞ்சம் சந்தேகம் கூட. ஆம்பிளை எண்டு யார் வந்தாலும் கேள்வி. போன முறை வந்து நிக்கேக்க, மீன்காரனோட சிரிச்சேன் எண்டு என்ட கைய முறிச்சுட்டார். போன்ல சொன்னா வேற மாதிரி எடுப்பார். லீவுல வந்தாப் பிறகு அண்ணாவ நேர்ல கூட்டிவந்து காட்டலாம் எண்டு இருக்கேன்.”

தெரியாத ஆட்களிடம் பெண்கள் இப்படித்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். “அது நல்ல யோசனை, மகள்” என்றேன்.

ஓட்டோ மருதானையைக் கடக்கும்போதே கேக்குப் படத்தைக் கட்டார் இலக்கத்துக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. உடனே பதில் வந்தது: யார் நீங்க, இது யார், எப்ப எடுத்தது? நான் பதில் போடவில்லை. அவன் பலதரம் அழைத்தான். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும், அல்லது பொய். நான் பொய் சொல்வதில்லை. என் சொந்த இலக்கத்திலிருந்துதான் அனுப்பினேன். நீங்கள் என்னைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட்டிருக்க மாட்டீர்கள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத்தான் கூடத் தெரியும். கிஷாந்த் யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறி வந்தான். பட்டப்பகல், வாசலில் ஆட்கள் ஓடருக்கு நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினானாம். அயலவர்கள் கதவை உடைத்தபோது தாரிகாவுக்கு மூச்சு இருக்கவில்லை. தமையன் என்று அவள் கத்தியது ஒழுங்கை முழுக்கக் கேட்டது என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

அவள் களவெடுக்கவில்லையே என்கிறீர்கள். சரிதான். களவெடுத்தவன் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவள் அவள். அவன் கொல்லுவான் என்று தெரியுமா என்று மூன்றாவது தரமும் கேட்கிறீர்கள். கை முறித்தது தெரியும். இந்த முறை கையோடு நிற்க மாட்டான் என்று ஓட்டோவில் இருந்தபோதே நினைத்தேன். நினைத்துத்தான் அனுப்பினேன். நோக்கம் என்ற இடத்தில் பழி என்று எழுதுங்கள். சொல் சரியானது. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பையனைப் பற்றி. தாரிகாவின் தமையன் வாடகை அறையில் தனியாக இருப்பவர் என்றும், பிள்ளை அழுதழுது சாப்பிடாமல் கிடக்கிறது என்றும் வெளியே இருக்கும் உங்கள் பெண் பொலிஸ் சொன்னா. எனக்குக் கேட்கவே பொறுக்கவில்லை. என் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. நான் ஒரு பிள்ளையை வளர்த்தவள், எனக்கு அந்தப் பக்குவம் தெரியும். இந்த அலுவல்கள் முடிந்ததும் ஹரிசனை என்னிடம் தருவதற்கு யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். தாயில்லாத பிள்ளையை இப்படி யாரும் கவனிக்காமல் விடுவது பெரிய பாவம், இன்ஸ்பெக்டர்.