முப்பத்தெட்டில் இருபத்தாறு

முபாரக்: …இருபத்தாறா? சரியா கேட்டியா?

நெடுமாறன்: ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னு கேட்டேன்டா. பேரு போடாம நம்மள எழுதச் சொன்னாருல்ல, அந்தச் சீட்ட வைத்தியலிங்கம் சார் ரெண்டு தடவ எண்ணுனாரு. 'சிகரெட் குடிச்சிருக்கியா? ஆமா, இல்ல.' முப்பத்தெட்டு பேர்ல இருபத்தாறு ஆமா. அப்படியே உக்காந்துட்டாரு.

முபாரக்: பிளஸ் ஒன்ல நம்ம கிளாஸ்தான் ஃபர்ஸ்ட்டு போல.

நெடுமாறன்: நீ என்ன எழுதுன?

முபாரக்: இதென்ன கேள்வி… ஆமான்னுதான். நீ?

நெடுமாறன்: நானும்தான். அதான், இன்னிக்கு சேந்து ஒரு தம் போடுவோம். அப்பா சாப்பிடப் போயிருக்காரு. வர ஒரு மணி நேரம் ஆவும்.

முபாரக்: இங்கயா? கொள்முதல் நிலையத்துலயா?

நெடுமாறன்: எங்க நெல்லுக் குவியலுக்குப் பின்னாடி யாரு பாக்கப் போறா? ஏன்… பயமா?

முபாரக்: எனக்கா? அதிராம்பட்டினத்துல மாமா பசங்களோட எத்தன அடிச்சிருக்கேன்… நீதான் ஒன்பதாவதுலேர்ந்து குடிக்கிறவனாச்சே. நீயே பத்த வை.

நெடுமாறன்: வைக்கிறேன். இரு… காத்து அடிக்குது.

முபாரக்: காத்தா? தார்ப்பாய் அசையவே இல்ல.

நெடுமாறன்: லோடுமேன் துரைராசு அண்ணன் பாக்குறாரு.

முபாரக்: அவரு மூட்ட தைக்கிறாரு. நீ பத்த வை.

நெடுமாறன்: சரி… கைய மறைச்சுப் புடி.

முபாரக்: இழு, இழு.

நெடுமாறன்: இழுக்குறேன்டா… ஒண்ணும் வரல.

முபாரக்: இன்னொரு குச்சி கிழி… ம், கருகுது பாரு. என்னடா இது, பிளாஸ்டிக் எரியிற நாத்தம்?

நெடுமாறன்: இது… வேற கம்பெனி. இப்படித்தான் இருக்கும்.

முபாரக்: ஆமா ஆமா… மாமா பசங்களுதும் இதே நாத்தம்தான்.

துரைராசு: தம்பிகளா…

நெடுமாறன்: அண்ணே… அது வந்து…

துரைராசு: பஞ்சு இருக்குற பக்கத்தக் கொளுத்திட்டு, தூள் இருக்குற பக்கத்த வாயில வச்சிருக்க. குடு இங்க. தீப்பெட்டியும் குடு. சுத்தி பூரா சாக்கு. ஒங்கப்பா எடை போடறதுக்கு ஒரு வாரமா காத்துக் கெடக்குறாரு.

நெடுமாறன்: அப்பாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே.

துரைராசு: சொல்லல. நானும் ஒங்க வயசுலதான் ஆரம்பிச்சேன். சும்மா நின்னா மேஸ்திரி அடுத்த மூட்டையத் தூக்கச் சொல்லுவாரு. பீடி பத்த வச்சா, அது முடியிற வரைக்கும் கூப்பிட மாட்டாரு. அந்த அஞ்சு நிமிசத்துக்காவ. ஒங்களுக்கு என்னப்பா வந்துச்சு? அங்க பாரு, ஆடு நெல்லுல வாய வைக்குது. வெரட்டுங்க.

முபாரக்: …போயிட்டாரு. ஏன்டா, ஒன்பதாவதுலேர்ந்து குடிக்கிறவனுக்கு எந்தப் பக்கம்னு தெரியாதா?

நெடுமாறன்: மாமா பசங்களோட அடிச்சவன் பாத்துக்கிட்டுதானே இருந்த? சிரிக்காத.

முபாரக்: நீதான் சிரிக்கிற… சத்தியமா சொல்லு, எத்தன?

நெடுமாறன்: ஒண்ணுகூட இல்ல. நீ?

முபாரக்: மாமா பசங்களே குடிக்க மாட்டாங்கடா.

நெடுமாறன்: அடப்பாவி. அப்ப சீட்டுல?

முபாரக்: மொதல்ல 'இல்ல'ன்னுதான் எழுதுனேன். பக்கத்துல ராஜ்குமார் சீட்டு 'ஆமா'ன்னு இருந்துச்சு. அடிச்சுட்டு மாத்துனேன்.

நெடுமாறன்: ராஜ்குமாரா? அவன் என் சீட்ட எட்டிப் பாத்துல்ல எழுதுனான்.

முபாரக்: சரி… நீ யாரு சீட்டப் பாத்த?

நெடுமாறன்: நான் யாரு சீட்டையும் பாக்கல. நீ ஆமான்னுதான் எழுதிருப்பன்னு நெனச்சு எழுதுனேன்.